இராமையா பார்த்துச் சொன்ன கார்

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. அதன் சொந்தக்காரர் இராமையாவை மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை. காடி, அதாவது கார் பார்க்கிறவர் என்றுதான் சொல்வார்கள். சுங்கை பெசார் முதல் ரவாங் வரை, தோட்டத்திலோ பட்டணத்திலோ ஒரு தமிழன் பழைய கார் வாங்கக் கிளம்பினால், பெண் பார்க்கப் போகிற மாதிரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போவான். அந்த நாலு பேரில் இராமையா இல்லையென்றால் வீட்டுக்காரி காசை வெளியே எடுக்கமாட்டாள். அவ்வளவு பெயர் அந்த மனிதருக்கு. அவர் குடியைக் கெடுத்ததும் அந்தப் பெயர்தான்.

அவர் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அக்காள் நல்லம்மாள் பதினாறு வயதில் பால் எடுக்க மரம் வெட்டப் போய்த் தம்பிக்குச் சோறு போட்டாள். அவளைக் கட்டிய கார்த்திகேசு அதே தோட்டத்தில் லோரி டிரைவர். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த மச்சினனைப் பார்த்து அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பதினைந்து வயதில் அவனை லோரியில் ஏற்றிக்கொண்டு போய், கிள்ளானில் பெரிய பெரிய கார்களைப் பழுதுபார்க்கும் ஒரு சீனர் பட்டறையில் சேர்த்துவிட்டார். கையில் சம்பளம் என்று ஒன்று வருகிறவரைக்கும் அரிசியும் கருவாடும் வாராவாரம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். இதையெல்லாம் இராமையா மறந்தவர் அல்ல. மறந்திருந்தால் இத்தனை வேதனைப்பட்டிருக்கவேண்டியதில்லை.

பெரிய கார்களின் சீக்கு முழுவதும் கிள்ளானில்தான் அவருக்குப் பழகியது. சின்னக் காருக்கு வருவது சளி காய்ச்சல், பெரிய காருக்கு வந்தால் ஆளையே படுக்கவைத்துவிடும் என்பார். அதனால் அவர் பார்க்கிற முறையே தனி. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆறரைக்கே போய் நிற்பார். கார்க்காரன் கைலியோடு பல் விளக்கிக்கொண்டிருப்பான். இவர் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே போய்ப் புறங்கையை பானெட்டின் மேல் வைப்பார். அது சில்லென்று இருக்கவேண்டும். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் அன்றைக்குப் பார்க்கமாட்டார்.

“ராத்திரி பூரா தூங்குன எஞ்சின நாமதான் எழுப்பணும்லா. அப்பத்தான் அது இருமுறது காதுல விழும்,” என்பார்.

விஷயம் இல்லாமல் இல்லை. முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கிய எஞ்சின் நல்லபிள்ளை மாதிரி ஒரே சாவியில் கிளம்பிவிடும். நீலப் புகை வராது. உள்ளே சுற்றுகிற சங்கிலி தளர்ந்து போயிருந்தால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் ஐந்து வினாடிக்குத்தான் கடகடவென்று சத்தம் கேட்கும். சூட்டில் அதுவும் அடங்கிவிடும். இராமையா அந்த ஐந்து வினாடிக்காகத்தான் விடிகாலையில் எழுந்து போவார். பிறகு எண்ணெய் மூடியைத் திறந்து விரலைவிட்டுப் பார்ப்பார். ராடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் பாடை மிதக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தானியங்கி கியர் எண்ணெயை முகர்ந்து பார்ப்பார், தீய்ந்த வாடை வந்தால் ஒதுங்கிவிடுவார். காலடி விரிப்பைத் தூக்கித் தகரத்தைத் தட்டுவார். கார்க்காரன் என்ன பேசினாலும் காதில் வாங்கமாட்டார்.

கார் சரியில்லை என்றால் அதை அவர் வாயால் சொல்லமாட்டார். கைத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, பசியாறப் போவோம்,” என்பார். அவ்வளவுதான். கெர்லிங்கில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒருவர், கறுப்பு நிறத்தில் கப்பல் மாதிரி ஒரு காரைப் பார்த்து மயங்கி, முன்பணமும் கொடுத்துவிட்டு இவரை அழைத்துப் போனார். எண்ணெய் மூடியின் உள்பக்கம் பால் காப்பி நிறத்தில் களிம்பு ஒட்டியிருந்தது. தண்ணீரும் எண்ணெயும் உள்ளே ஒன்றாகிவிட்ட எஞ்சின் அது. பசியாறப் போவோம் என்றார் இராமையா. கிராணிக்கு அழாத குறை, ஆனால் மறுபேச்சுப் பேசாமல் போய் ரொட்டி சானாய் தின்றார். ஆறு மாதம் கழித்து அந்தக் காரை வாங்கிய வேறொருவன் தலையில் துண்டு போட்டுக்கொண்ட கதை ஊருக்கெல்லாம் தெரிந்தது. கிராணி தீபாவளிக்கு ஆட்டுக்கால் அனுப்பினார்.

இப்படி இருந்தவரைத்தான் எண்பத்தாறாம் வருடம் பிடித்து ஆட்டியது. நாட்டில் தொழில் படுத்துவிட்டது. நேற்றுவரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் புழுதியைக் கிளப்பிப் போன சாலை, கட்டடக் குத்தகைக்காரர்கள் எல்லாம் காரை விற்க அலைந்தார்கள். பெரிய ஜெர்மன் கார், பத்து வருடம் பழையது, லோரி டிரைவரின் கைக்கு எட்டுகிற விலைக்கு இறங்கிவிட்டது. கைக்கு எட்டுகிறது என்றால் ஆசை வராமல் இருக்குமா?

கார்த்திகேசுவுக்கு வந்தது. அந்த வருடம்தான் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்து, சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்திருந்தது. தீபாவளி கழிந்ததும் லய வீட்டைக் காலிசெய்யவேண்டும். நல்லம்மாள் தஞ்சோங் காராங்கில் ஒரு பலகை வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு அறை, பின்னால் ஒரு ரம்புத்தான் மரம். பிறந்ததிலிருந்து தோட்டத்து வீட்டிலேயே இருந்தவளுக்குச் சொந்தமாக ஒரு கதவு வேண்டும் என்று ஆசை. கார்த்திகேசுவின் கணக்கு வேறு. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மாப்பிள்ளை வாடகை வேனில் வந்து இறங்குகிறான், பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பெரிய கார் இருந்தால் தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் முழுவதும் ஓடும். மூன்று வருடம் ஓட்டினால் வீடு தானாக வரும் என்றார். முப்பத்தைந்து வருடம் ரப்பர்ப் பாலும் செம்பனைக் குலையும் ஏற்றி லோரி ஓட்டி, ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை அந்த மனிதர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாலை போட்ட காரை ஓட்டவேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருந்திருக்கிறது, அது அதுவரை யாருக்கும் தெரியாது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மாதம் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் நல்லம்மாள்தான் வழி சொன்னாள். தம்பி வந்து பார்த்து நல்ல கார் என்று சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் வீடு. ஆக, அந்த இரண்டு பேரின் கடைசிக் காலம் முழுவதும் இராமையாவின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. அது அவருக்கும் தெரியும்.

நல்லபடியாக முடிந்திருக்கவேண்டிய காரியம்தான். ஆனால் அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் கலாவதிக்கு ரவாங்கில் மாப்பிள்ளை அமைந்தது. கலாவதிக்கு இருபத்தெட்டு வயது, தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அதற்கு முன் இரண்டு இடம் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றுகிற கட்டத்தில் கலைந்துபோயிருந்தது. இந்த முறை நிச்சயம் முடிந்துவிட்டது, தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் சுப்பிரமணியம் சாலை போடுகிற குத்தகைக்காரர். நிச்சயத்துக்கு அவர் வந்து இறங்கியது இளம் பச்சை நிறத்தில் ஒரு பெரிய ஜெர்மன் காரில். வந்தவர்கள் எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள், கார்த்திகேசு மட்டும் காரையே சுற்றிச் சுற்றி வந்தார். சுப்பிரமணியம் அதைக் கவனித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து ரவாங்கிலிருந்து செய்தி வந்தது. கார் விலைக்கு இருக்கிறது, வெளியாருக்குக் கொடுப்பதைவிட நம் வீட்டு மனிதருக்குக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. கூடவே இன்னொன்றும் வந்தது. கையில் கொஞ்சம் முடை, கார் கைமாறிவிட்டால் தையில் கல்யாணத்தை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் ஆவணிக்குத் தள்ளிப்போடவேண்டி வரலாம்.

இராமையாவின் மனைவி அமராவதிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தள்ளிப்போனது எதுவும் அவள் வீட்டில் அதுவரை திரும்பி வந்ததில்லை. 

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நல்ல நேரம் என்று சம்பந்தி குறித்துக் கொடுத்திருந்தார். இராமையா தன் வழக்கப்படி விடிகாலையில் போய்விடலாம் என்றார். அமராவதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொண்ணு குடுக்கப்போற வீட்டுக்கு இருட்டோட போய்க் கதவத் தட்டுவீங்களா? திருடனப் பிடிக்கவா போறோம்?”

அது நியாயமாகத்தான் இருந்தது.  முப்பது வருடத்தில் முதல் முறையாக, சொன்ன நேரத்துக்கு ஒரு காரைப் பார்க்கப் போனார்.

சம்பந்தி வீட்டு வாசலில் கார் கழுவித் துடைத்து நின்றது. உள்ளே கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கியது. இராமையா, அமராவதி, கார்த்திகேசு மூவரும் இறங்கினார்கள். நல்லம்மாள் வரவில்லை; தம்பி போகிறானே, நான் எதற்கு என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். சுப்பிரமணியம் கைகூப்பி வரவேற்று, இட்லி ஆவி பறக்கிறது, முதலில் பசியாறுங்கள் என்றார். இராமையா போகிற போக்கில் சும்மா தொடுவதுபோல் பானெட்டில் புறங்கையை வைத்தார். சுட்டது. வெதுவெதுப்பு இல்லை, தோசைக்கல் மாதிரி சுட்டது.

“காலையில கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன் சம்பந்தி,” என்றார் சுப்பிரமணியம், யாரும் கேட்காமலே.

முந்தின இரவு முழுக்க ரவாங்கில் மழை. வீட்டின் முன்னால் செம்மண் குழைந்து கிடந்தது. காரின் நாலு டயரிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை, அதற்குக் கீழே சிமெண்டும் மழை படாமல் காய்ந்து கிடந்தது. கார் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரமாவது ஓடவிட்டிருக்கிறார்கள். இராமையாவுக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. 

பசியாறிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தார். எண்ணெய்க் குச்சியை உருவி இரண்டு விரலில் தேய்த்தார். நேற்றோ முந்தாநாளோ ஊற்றிய புது எண்ணெய், தேன்பாகு மாதிரி கெட்டியாக இருந்தது. தேய்ந்துபோன எஞ்சினின் சத்தத்தை அமுக்குவதற்கு ஊற்றுகிற எண்ணெய் அது. சாவியைத் திருப்பினார், பூனை மாதிரி ஓடியது. பின் கியர் போட்டபோது ஒரு நொடி யோசித்துவிட்டுத் தொம்மென்று இடித்தது. ஏர்கண்டிஷனைப் போட்டதும் சூட்டு முள் மெல்ல மேலே நகர்ந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், ஆனால் பார்ப்பதற்கு இராமையா இருக்கிறார் என்று மற்றவர்கள் சும்மா நின்றார்கள்.

வழி இல்லாமல் இல்லை. ஒரு ராத்திரி இருக்கட்டும் சம்பந்தி, நாளைக் காலையில் வருகிறேன் என்று சொன்னால் போதும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சுப்பிரமணியம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம வீட்டுக் காடிக்குமா சம்பந்தி இவ்ளோ பரீட்சை?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் ஏறவில்லை.

அமராவதி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். காரின் அந்தப் பக்கம் கார்த்திகேசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கார் இன்னும் தன்னுடையது இல்லை என்பதற்காக அதைத் தொடாமல் நின்றார் அந்த மனிதர்.

“மச்சான்?” என்றார்.

“நல்லாருக்கு மாமா,” என்றார் இராமையா.

இரண்டே வார்த்தை. ஒரு மனிதன் முப்பது வருடமாகச் சேர்த்து வைத்த நாணயம் அந்த இரண்டு வார்த்தையில் போயிற்று, அதுவும் தன்னை ஆளாக்கிய மனிதரிடம். பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன செய்வான் என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்டுக்கொள்ளட்டும். அன்று சாயங்காலமே சேமநிதிப் பணம் கைமாறியது. தஞ்சோங் காராங் வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

கல்யாணம் தையில் நன்றாகவே நடந்தது. மணமக்களை அந்தக் காரில்தான் கார்த்திகேசு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஓட்டி வந்தார், வெள்ளைச் சட்டையோடு. இரண்டு மைல் தூரம். அதற்கு முந்தின வாரம் முழுக்க இராமையா காருக்கு அடியிலேயே படுத்துக்கிடந்தார். புகை வருகிற இடத்தை அடைத்தார், தண்ணீர் பம்பை மாற்றினார், குழாய்களை மாற்றினார். காசு வாங்கவில்லை. ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டே போனால் தான் சொன்னது என்றாவது ஒரு நாள் உண்மையாகிவிடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. மாற்றவேண்டியது உள்ளே இருக்கிற சங்கிலி. அதை மாற்ற எஞ்சினைத் திறக்கவேண்டும். திறந்தால் பக்கத்தில் நின்று பார்க்கிற கார்த்திகேசுவுக்கு உள்ளே எல்லாம் தேய்ந்து கிடப்பது தெரிந்துவிடும், எப்போதிலிருந்து மச்சான் என்று கேட்பார். அதனால் அதை மட்டும் அவர் தொடவில்லை.

பங்குனியில் சுங்கை புரோங்கில் ஒரு கல்யாணம். நட்டநடு வயலில், ஈ காக்கை இல்லாத இடத்தில், கார் கொதித்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போய், நெல் மூட்டை ஏற்றிய லோரியில் தொற்றிக்கொண்டு மண்டபம் போனான். பெண் வீட்டார் கார்த்திகேசுவை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மறுநாள் பட்டறையில், காருக்கு அடியில் கிடந்த இராமையாவிடம் அவர் குனிந்து சொன்னார்.

“லோரி ஓட்டின காலு மச்சான். காடிய மிதிச்சுட்டேன் போல. நல்ல காடியக் கெடுத்துட்டேனா?”

இல்லை மாமா, உங்கள் மேல் தப்பே இல்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். மகள் கழுத்தில் தாலி ஏறி இரண்டு மாதம் ஆகிவிட்டது, இனி யாரும் அதைக் கழற்றப்போவதில்லை. ஆனால் இராமையா காருக்கு அடியிலிருந்து வெளியே வராமலே,

“கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க மாமா,” என்றார்.

முதல் பொய்யையாவது மகளுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது? தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அந்தப் பழியைத் தூக்கி அந்த அப்பாவியின் காலில் போட்டார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு கார்த்திகேசு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினார். பெடலைப் பூப்போல அமுக்கினார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டுவார்கள், இவர் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமாட்டார். ஏர்கண்டிஷனைப் போடமாட்டார், மணப்பெண்ணுக்கு வியர்த்து மை கரையும். வாடகைக்குக் கேட்பவர்கள் குறைந்தார்கள். வைகாசியில் சுங்கை பெசார் போகிற சாலையில், அப்படி ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும்போதே, உள்ளே சங்கிலி அறுந்தது. எஞ்சின் ஒரு முறை வெடித்த மாதிரி சத்தம் போட்டுவிட்டு உறைந்துபோயிற்று. நல்லவேளையாக அன்று காரில் யாரும் இல்லை.

இராமையா எஞ்சினைத் தனியாக, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தார். வால்வுகள் வளைந்து, பிஸ்டன்கள் ஓட்டையாகிக் கிடந்தன. புது எஞ்சின்தான் போடவேண்டும், அதற்கு இன்னொரு சேமநிதி வேண்டும். வெளியே வந்து முடிந்துவிட்டது என்று சொன்னார். கார்த்திகேசு கோபப்படவில்லை, அழவும் இல்லை.

“நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லு மச்சான். தெரிஞ்சுக்கிறேன்,” என்றார்.

இராமையா கைத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பழைய இரும்புக்காரன் வந்து காரை இழுத்துக்கொண்டு போனான். தோட்ட நிர்வாகம் நீட்டித்துக் கொடுத்த தவணையும் தீர்ந்து லய வீடு போயிற்று. தஞ்சோங் காராங்கில் ஒரு மளிகைக் கடையின் பின்பக்கத்து அறையில் இரண்டு பேரும் வாடகைக்குக் குடியேறினார்கள். அதே ஊரில்தான் நல்லம்மாள் பார்த்து வைத்திருந்த வீடும் இருந்தது. சந்தைக்குப் போனால் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். கார்த்திகேசு ஒரு அரிசி ஆலையில் ஜாகா வேலைக்கு, இரவுக் காவலுக்குச் சேர்ந்தார். காலையில் வந்து கூரைத் தகரத்தின் சூட்டில் படுத்துத் தூங்குவார்.

இராமையா அதன் பிறகு யாருக்கும் கார் பார்க்கப் போகவில்லை. கண் சரியில்லை, காது மந்தமாகிவிட்டது என்று சொல்லித் தட்டிக்கழித்தார். தோட்டத்து டிராக்டர்களை மட்டும் பழுதுபார்த்தார். கலாவதி மாதம் ஒரு முறை வந்து போவாள், மருமகன் தங்கமான பையன். அவள் சிரிக்கிறபோது அவரும் சிரிப்பார், பிறகு எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தார். கடை முதலாளியான சீனத் தவுக்கேயின் வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, டிரைவர் எங்கோ போயிருந்தான். தவுக்கே கார்த்திகேசுவிடம் சாவியை நீட்டி, கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். பத்தடி தூரம். கார்த்திகேசு இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார். 

“வேணாம் தவுக்கே. நான் தொட்டா எஞ்சின் போயிரும்,” என்றார்.

முப்பத்தைந்து வருடம் மலையிலும் சேற்றிலும் லோரி ஓட்டிய மனிதர். இராமையாவால் அதற்கு மேல் தாங்கமுடியவில்லை. அவரை உள்ளே அழைத்துப் போய்ப் பாயில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பானெட் சுட்டதைச் சொன்னார். சேறு படாத டயரைச் சொன்னார். கெட்டி எண்ணெய், இடித்த கியர், ஏறிய முள், தான் மாற்றாமல் விட்ட சங்கிலி, ஒன்றையும் விடவில்லை. தெரிந்தேதான் நல்லாருக்கு என்று சொன்னேன், கலாவதி கல்யாணம் தள்ளிப்போகக்கூடாது என்று சொன்னேன், உங்கள் காலில் ஒரு குற்றமும் இல்லை மாமா என்றார். சொல்லி முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. அடி விழும் என்று காத்திருந்தார், விழுந்தால் நல்லது என்றும் இருந்தது.

 கார்த்திகேசு மெல்லச் சிரித்தார். ஒரு வருடமாக அந்த முகத்தில் யாரும் சிரிப்பைப் பார்த்ததில்லை.

“என்னைத் தேத்தறதுக்கு இப்படியெல்லாம் சொல்லாத மச்சான். நீ பாத்து சொன்ன காடி அது. நீயாவது, எனக்காவது, பொய் சொல்றதாவது. போடா.”

இராமையா சத்தியம் செய்தார். மகள் மேல் ஆணை என்றார். சொல்லச் சொல்லக் கார்த்திகேசுவின் முகத்தில் இரக்கம்தான் கூடிக்கொண்டு போயிற்று. கையை நீட்டி இராமையாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“இந்தா, உன் தம்பியப் பாரு. என் மனசு நோவக்கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறான்.”

நல்லம்மாள் தடுப்புத் துணியை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. அந்த அறையில் காதில் விழாமல் இருக்க இடம் இல்லை. ஒன்பது வயதிலிருந்து அந்த முகத்தைக் கழுவி வளர்த்தவள் அவள். அது எப்போது பொய் சொல்லும், எப்போது சொல்லாது என்பது அவளுக்குத் தெரியும். தம்பியைப் பார்த்தாள். பிறகு பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும் புருஷனைப் பார்த்தாள். 

“ஆமா,” என்றாள் கடைசியில். “உங்க மேல அவனுக்கு அவ்ளோ பாசம்.”

இராமையா எழுந்து வெளியே வந்தார். சைக்கிளை எடுக்கும்போது அவள் பின்னால் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“வராம இருந்துடாத. அவரு தேடுவாரு. அவருக்குன்னு இப்ப நீ ஒருத்தன்தான் இருக்க, அதையும் நான் பிடுங்கமாட்டேன். வா, பேசிட்டுப் போ. ஆனா என்னக் கூப்பிடாத.”

அவர் அக்கா என்று வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே இராமையா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். கார்த்திகேசு பாயை விரித்துப் போட்டு, அடுப்படிப் பக்கம் பார்த்து, “உன் தம்பி வந்திருக்கான்,” என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து பதில் வராது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வேலையா இருக்கா போல,” என்று அவரே சமாதானம் சொல்வார்.

“ஆமா மாமா,” என்பார் இராமையா.